சீனப் பயணமும் முன்னேற்பாடும்

தேனி மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில், கம்பம் பள்ளத்தாக்கு முடியும் இடத்தில், மலைச்சாலை வளைந்து வளைந்து மேலேறிக் குமுளியை அடைகின்றது. தமிழகமும் கேரளமும் சந்திக்கும் ஊர் அது. எல்லைக்கு இப்பால் உள்ள கடையில் தேநீர் எனவும் டீ எனவும் வழங்கும் பானம், அப்பால் உள்ள கடையில் சாயா எனப் பெயர் பெறுகின்றது. சில அடித் தொலைவில் ஒரே பொருளுக்கு இரு வேறு பெயர்கள்! ஆயினும், இவ்விரு பெயர்களும் பிறந்த நாடு ஒன்றே. அதுவே சீனம்.

சீன நாட்டின் பெரும்பகுதியில் தேயிலைக்குச் 'ச்சா' என்பது பெயர். அந்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபூஜியன் மாகாணத்தில் ஒரு பகுதியினர் அதனைத் 'தே' என்பர். 'தே' என்ற சொல்லை டச்சு வணிகர் கப்பல் வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 'தேயிலை' என்னும் நம் சொல்லின் முற்பகுதியும் அந்த மூலத்தைச் சேர்ந்ததே. 'ச்சா' என்ற சொல் வேறு வழிகளில் பரவிச் சாயா ஆயிற்று. மேகமலைச் சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் காணப்படும் தேயிலைத் தோட்டங்கள் இத்தொடர்பை நாள்தோறும் நினைவூட்டுகின்றன. அடுக்களையில் உள்ள சீனியும், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சீனக்காரமும், திருவிழாவில் வெடிக்கும் சீனவெடியும் அந்நாட்டின் பெயரைத் தாங்கியே வழங்குகின்றன.

இவ்வாறு பெயரளவில் நன்கறிந்த நாட்டை நேரில் காண விழைவது இயல்பே. வெளிநாடு செல்வோர் இரு வகையினர். பயண நிறுவனத்தாரிடம் பொருளைக் கொடுத்து, அவர்கள் அழைத்துச் செல்லும் இடங்களைக் கண்டு மீள்வோர் ஒரு வகையினர். தாமே வழி வகுத்து, தாமே சீட்டு வாங்கி, தாமே ஊர்களைக் கண்டறிந்து செல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்குக் கவலை குறைவு. விருப்பம்போல் நடக்கும் உரிமையும் குறைவு. பின்னவர்க்கு உரிமை மிகுதி, பொறுப்பும் மிகுதி. வழி தவறினாலும், நோயுற்றாலும், பணப்பையை இழந்தாலும் அவருக்காகப் பேச அருகில் எவரும் இரார். ஆதலின், தனித்துச் செல்ல விரும்புவோர் புறப்படுவதற்கு முன்னரே அறிந்துகொள்ள வேண்டுவன பல உள.

முன்னோர் காட்டிய வழி

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையே நடந்த பயணங்கள் மிகப் பழையவை. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவியான யுவான் சுவாங், புத்தர் பிறந்த நாட்டைக் காணப் புறப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேற அக்காலத்தில் அவருக்கு அரசாங்க அனுமதி கிட்டவில்லை. அவர் மறைவாக எல்லையைக் கடந்து, பாலைவனத்தையும் பனிமலைகளையும் தாண்டி இந்தியாவுக்கு வந்து, கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிமாநகரை அடைந்தார். அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குச் செல்வது அவருடைய திட்டம். அப்போது இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த பிக்குகள், அங்கே அரசர் இறந்துவிட்டார் என்றும், பஞ்சமும் கலகமும் மூண்டுள்ளன என்றும் கூறினர். யுவான் சுவாங் அச்செய்தியை மதித்துத் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார். கி.பி. 645-இல் அவர் நலமே தாயகம் திரும்பினார்.

அவருக்குப் பின் வந்த இத்சிங் என்னும் துறவியின் செயல் இன்னும் எண்ணத்தக்கது. அவர் கி.பி. 671-இல் தென்சீனத்துக் குவாங்சோ துறைமுகத்தில் கப்பலேறினார். நேரே இந்தியாவுக்கு வாராமல், சுமத்திராத் தீவில் இருந்த ஸ்ரீவிஜயத்தில் இறங்கி, ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். மொழியறிவு ஓரளவு கைவந்த பின்னரே வங்கக் கரையில் உள்ள தாமிரலிப்தியை நோக்கிச் சென்றார். செல்லும் நாட்டின் மொழியைச் செல்லும் வழியிலேயே கற்ற அறிஞர் அவர்.

தமிழரும் சீனம் சென்றனர். முதலாம் இராசராச சோழர் அனுப்பிய தூதுக்குழு 1015-ஆம் ஆண்டு சீன அரசவையை அடைந்தது. அவர்கள் வழியில் கழித்த நாட்கள் 1,150 எனச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் வாழ்ந்தனர். சிவன் கோவிலும் எடுத்தனர். அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருக்கதலீசுவரம் என்ற பெயரில் இறைவன் எழுந்தருளச் செய்யப்பட்டதை அது தெரிவிக்கின்றது. அந்நகரிலுள்ள கையுவான் பௌத்தக் கோவிலில் கண்ணன், நரசிங்கம் முதலிய உருவங்கள் செதுக்கிய தூண்களை இன்றும் காணலாம். யுனெஸ்கோ நிறுவனம் 2021-இல் சுவான்சோவை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

முன்னோர் வரலாறு மூன்று பாடங்களைப் புகட்டுகின்றது. பயணத்துக்கு ஒரு நோக்கம் வேண்டும். செல்லும் இடத்து மொழியில் சிறிதேனும் பயிற்சி வேண்டும். செய்தி அறிந்து திட்டத்தை மாற்றும் பக்குவம் வேண்டும்.

நோக்கமும் காலமும்

போடிநாயக்கனூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சுவான்சோ நகரத்துத் தமிழ்ச் சின்னங்களைக் காண விரும்புகிறார் எனக் கொள்க. நோக்கம் தெளிவானதும் வழியும் தெளிவாகிவிடுகின்றது. சீனம் பரப்பில் இந்தியாவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. அத்தகைய நாட்டைப் பத்து நாளில் சுற்றிவர முயல்பவர் புகைவண்டி நிலையங்களை அன்றி வேறொன்றையும் காணார். தென்கிழக்குக் கரையில் இரண்டு மூன்று நகரங்களை மட்டும் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

அடுத்துக் காலத்தை ஆராய வேண்டும். அக்கடற்கரையில் கோடைக்காலத்தின் பிற்பகுதியில் புயல்கள் மிகுதி. சீனரின் புத்தாண்டு சனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் வரும். அப்போது கோடிக்கணக்கான மக்கள் சொந்த ஊர் நோக்கிச் செல்வர். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் சென்னையில் நம் பேருந்து நிலையங்கள் காணும் கூட்டத்தைப் பன்மடங்காகப் பெருக்கினால் அதன் அளவு ஒருவாறு விளங்கும். அக்டோபர் முதல் நாள் தொடங்கும் தேசிய விடுமுறையும் அத்தகையதே. புயலும் திருநாட்களும் இல்லாத இளவேனிற் காலமும், அக்டோபர் விடுமுறை கழிந்த பின் வரும் நாட்களும் பயணத்துக்கு ஏற்றவை.

மொழி என்னும் முதற் கருவி

சீன நாட்டின் பொதுமொழியை உலகத்தார் மாண்டரின் என்பர். இச்சொல்லின் வரலாறு சுவையானது. 'மந்திரி' என்ற வடசொல் மலாய் மொழியிற் புகுந்து, போர்த்துக்கீசியர் நாவில் திரிந்து, சீன அதிகாரிகளைக் குறிக்கும் பெயராயிற்று. அவர்கள் பேசிய மொழிக்கும் அதுவே பெயராய் நிலைத்தது. சீனத்தில் மட்டுமன்றித் தைவானிலும் சிங்கப்பூரிலும் மாண்டரின் ஆட்சிமொழியாக உள்ளது.

இம்மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றிவிடும். தமிழில் 'படம்' என்பதைப் 'பாடம்' என நீட்டினால் பொருள் மாறுகின்றது. 'மலை' என்பதை 'மழை' என்றால் வேறு பொருள் தோன்றுகின்றது. சீனத்திலோ எழுத்தொலி மாறாதிருக்க, குரலின் போக்கு மட்டும் மாறினாலே பொருள் வேறுபடும். அப்போக்கு நான்கு வகைப்படும். உயர்ந்த குரலில் சமமாக ஒலித்தல் முதலாவது. வியந்து வினவுவார்போல் கீழிருந்து மேலேறுதல் இரண்டாவது. தாழ்ந்து பின் எழுதல் மூன்றாவது. ஆணையிடுவார்போல் வெட்டென இறங்குதல் நான்காவது. 'மா' என்ற ஒன்றே இந்நான்கு வகையால் முறையே தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள்படும்.

இதனை அறியாதார் கடைத்தெருவிலேயே இடர்ப்படுவர். 'மாய்' என்பதை மூன்றாம் வகையில் ஒலித்தால் வாங்குதல். நான்காம் வகையில் ஒலித்தால் விற்றல். 'தாங்' என்பது முதல் வகையில் குழம்புநீராகிய சூப்பையும், இரண்டாம் வகையில் சர்க்கரையையும் குறிக்கும். ஏலக்காய் ஏலத்துக்குப் பெயர்பெற்ற போடியின் வணிகர் ஒருவர், வாங்க வந்ததாகச் சொல்ல எண்ணி, விற்க வந்ததாகச் சொல்லிவிட்டால் என்னாகும்? ஆதலின், சொற்களை ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்வது போதாது. சீனர் பேசுவதைக் காதால் கேட்டு, உரக்கச் சொல்லிப் பழகவேண்டும்.

இலக்கணத்திலோ அச்சம் வேண்டா. காலத்துக்கும் பாலுக்கும் ஏற்பச் சீன வினைச்சொற்கள் உருமாறுவதில்லை. எண்களின் அமைப்பும் தமிழருக்கு அயலன்று. இரு பத்து என்பதே தமிழில் இருபது ஆனதுபோல, அங்கும் 'அர் ஷி' என்றால் இரண்டு பத்து, அதாவது இருபது. ஆயின், பேரெண்ணில் விழிப்பு வேண்டும். நாம் நூறாயிரத்தை இலட்சம் எனத் தனிப்பெயரால் எண்ணுகிறோம். சீனர் பத்தாயிரத்துக்கு 'வான்' எனத் தனிப்பெயர் இட்டு எண்ணுகின்றனர். ஓர் இலட்சம் அவர்களுக்குப் பத்து வான். விலை பேசுகையில் இவ்வேறுபாட்டை மறந்தால் ஒரு சுழி கூடும் அல்லது குறையும்.

சீன எழுத்து நம் எழுத்தைப்போல ஒலிகளைச் சேர்த்து எழுதப்படுவதன்று. செய்தித்தாள் படிக்க ஆயிரக்கணக்கான வடிவங்களை அறிய வேண்டும். ஆனால், பயணிக்கு அத்தனையும் தேவையில்லை. நுழைவாயில், வெளிவாயில், ஆண், பெண், நிலையம், மருத்துவமனை, அபாயம் முதலியவற்றைக் குறிக்கும் முப்பது வடிவங்களை இனங்கண்டுகொண்டால் அன்றாட இடர்கள் பெரிதும் குறையும். தங்கும் விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருத்தல் நன்று. மொழிபெயர்க்கும் கைப்பேசிகள் இன்று உதவுகின்றன. ஆயினும், மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசி வாய்பேசாது. காகித அட்டையோ என்றும் பேசும்.

இத்சிங் ஸ்ரீவிஜயத்தில் தங்கியதுபோல, இக்காலப் பயணியும் சிங்கப்பூரில் சில நாள் தங்கிச் செல்லலாம். அங்கு ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். தமிழ் துணைநிற்க, மாண்டரினைக் கேட்டுப் பழக அதனினும் ஏற்ற இடம் இல்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து அங்கு விமானங்கள் செல்கின்றன. ஆனால், அந்நாட்டுக்கெனத் தனி நுழைவு அனுமதி பெறவேண்டும். நம் சமையலில் வழங்கும் கசகசா அங்குத் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஆவணங்கள்

பயணிக்கு முதலில் வேண்டுவது கடவுச்சீட்டு. தேனி மாவட்டத்தார்க்கு மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகமே உரியது. தமிழர் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடும் வழக்கம் உடையவர். அவ்வெழுத்தை ஓர் ஆவணத்தில் விரித்தும், மற்றொன்றில் சுருக்கியும், பிறிதொன்றில் விடுத்தும் எழுதினால் பெருந்தொல்லை விளையும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும், விமானச் சீட்டில் உள்ள பெயரும், விசா எனப்படும் நுழைவு அனுமதியில் உள்ள பெயரும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும்.

சீனத்தின் தூதரகம் புதுதில்லியிலும், துணைத் தூதரகங்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ளன. சென்னையில் இல்லை. ஆதலால், விண்ணப்பம் சென்று திரும்பும் காலத்தையும் கணக்கிட்டு முன்னதாகவே முயலவேண்டும். பயணத் திட்டம், தங்குமிடம், திரும்பும் நாள் ஆகியவற்றை விண்ணப்பத்தில் தெளிவாகக் காட்டுதல் வேண்டும்.

இங்கு அனுபவமற்றோர் தவறும் இடம் ஒன்றுண்டு. ஹாங்காங் சீனத்தின் பகுதியே எனினும், அதன் எல்லைக் காவலும் நுழைவு விதிகளும் வேறு. ஒருமுறை மட்டும் நுழைவதற்கான அனுமதி பெற்றவர் சீனப் பெருநிலத்திலிருந்து ஹாங்காங் சென்றால், அவ்வனுமதி அத்துடன் முடிந்துவிடும். மீண்டும் பெருநிலத்துக்குள் நுழைய இயலாது. அதுபோலவே, திபெத்துக்குச் செல்லும் அயல்நாட்டார் தனி அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் மட்டுமே செல்லலாம். அயல்நாட்டார் தங்குமிடத்தைக் காவல்துறையில் பதிவு செய்தலும் கட்டாயம். விடுதியில் தங்குவோர்க்கு விடுதியாரே அதனைச் செய்வர். நண்பர் வீட்டில் தங்குவோர் 24 மணி நேரத்துக்குள் தாமே சென்று பதிவு செய்தல் வேண்டும்.

வழியும் செலவும்

மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடிய புகைவண்டி, பாதையை அகலமாக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடி வரையிலும் வண்டிகள் மீண்டும் வந்தன. அவ்வண்டியில் மதுரை சேர்ந்து, பெருநகர் ஒன்றில் விமானம் ஏறலாம். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையிலான நேர் விமானங்கள் 2020-இல் நின்று, 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய நகரங்களில் விமானம் மாறியும் செல்லலாம். சீனத்தின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அப்பெருநாடு முழுமைக்கும் ஒரே நேரந்தான்.

நாட்டினுள் செல்ல அதிவேகப் புகைவண்டிகள் உள. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் வரை உள்ள 1,318 கிலோமீட்டர் தொலைவை விரைவு வண்டி ஏறத்தாழ நாலரை மணியில் கடக்கின்றது. பயணச்சீட்டுக்குக் கடவுச்சீட்டின் எண் தேவை. இந்தியாவில் வழங்கும் இணையத் தேடல்களும் வரைபடங்களும் அங்குப் பல இயங்கா. ஆதலின், அங்கு இயங்குவனவற்றை முன்கூட்டியே கைப்பேசியில் சேர்த்துப் பழகுதல் வேண்டும்.

அந்நாட்டு நாணயம் யுவான். சிறு கடைகளிலும் கைப்பேசி வழியே பணம் செலுத்துவது அங்கு வழக்கம். ஆயினும், சிறு தாள்களாகச் சிறிது ரொக்கமும் வைத்திருக்க வேண்டும். பயணத்துக்கென ஒதுக்கிய பொருள் முழுவதையும் ஒரே பையில் வைத்தலும், கடைசி நாணயம் வரை திட்டமிட்டுச் செலவழித்தலும் பேதைமை. நோய்க்கும் இடையூறுக்கும் எனச் சிறு தொகையைத் தொடாமல் காத்தலும், காப்புறுதி எடுத்தலும் நலம் பயக்கும்.

உணவும் ஒழுக்கமும்

புலால் உண்ணாதார் 'ரோவ் வேண்டா' என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சி எனப் பொருள்படும் அச்சொல் பெரும்பாலும் பன்றியிறைச்சியையே நினைவூட்டும். மீனும் எலும்புச் சாறும் அதில் அடங்கா எனச் சமையற்காரர் கருதக்கூடும். 'சூ' என்பது மரக்கறி உணவைக் குறிக்கும் சொல். பௌத்தக் கோவில்களை அடுத்த உணவகங்களில் அத்தகைய உணவு கிடைக்கும். குழாய்நீரைக் காய்ச்சாமல் பருகுதல் கூடாது. நிலையங்களிலும் வண்டிகளிலும் வெந்நீர் கிடைப்பதால் குடுவை ஒன்று கையில் இருத்தல் நன்று. கம்பத்தின் பன்னீர்த் திராட்சையை நண்பர்க்குப் பரிசாகக் கொண்டுசெல்ல மனம் விழையலாம். ஆனால், பயணிகள் புதுப்பழங்களைக் கொண்டுவருதலை அந்நாட்டுச் சுங்க விதிகள் தடுக்கின்றன.

சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைத்தல் சீனரிடையே அமங்கலம். இறந்தார்க்கு ஊதுவத்தி ஏற்றுவதை அது ஒத்திருக்கும். பொருளை இரு கையாலும் கொடுத்து, இரு கையாலும் பெறுதல் மரியாதை. காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கு 119, மருத்துவ வண்டிக்கு 120 என்னும் எண்களை நினைவிற்கொள்ள வேண்டும். பெய்ஜிங்கில் இந்தியத் தூதரகமும், ஷாங்காய், குவாங்சோ நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள. அவற்றின் முகவரியைக் குறித்துக்கொள்வதோடு, நாள்வாரியான பயணத் திட்டத்தின் படி ஒன்றை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லுதலும் கடமையாகும். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை அறியாமல் பெற்றோர் தவித்தல் ஆகாது.

முடிவுரை

இத்தனை ஏற்பாடுகளும் பயணத்தின் இன்பத்தைக் குறைத்துவிடும் என்று சிலர் கருதலாம். உண்மை அதற்கு மாறானது. வெள்ளம் வருமுன் அணை கட்டியவனே வெள்ளத்தை வயலுக்குத் திருப்ப வல்லவன். 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் நீரால் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆவணம், பணம், மொழி ஆகியவற்றைப் பற்றிய கவலை நீங்கிய பயணியே கண்ணைத் திறந்து ஊரைப் பார்ப்பான்; காதைத் திறந்து மக்களைக் கேட்பான்.

அவ்வாறு ஆயத்தமாகச் சென்ற போடி இளைஞர், சுவான்சோ நகரில் கண்ணன் உருவம் செதுக்கிய தூணைக் கண்டபின் அருகிலுள்ள தேநீர்க் கடையில் அமர்கிறார் எனக் கொள்க. பொதுமொழியில் அவர் 'ச்சா' என்று கேட்பார். கடையிலுள்ள முதியவர் தம் வீட்டாரிடம் பேசுகையில் அதனையே 'தே' என்பார். குமுளியில் கேட்ட இரு சொற்களும் ஒரு கூரையின்கீழ் அவர் செவியில் விழும். தொலைவில் உள்ள நாடு அந்நொடியில் அண்டை வீடுபோல் தோன்றும். அந்நொடியைப் பெறுவதற்குச் செலவிட்ட உழைப்பு வீணாகாது.